வேறு வீட்டுக்குப் போன பில் பணம்

1

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பெங்களூரில் நெஞ்சு ஆபரேஷன் நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. டொராண்டோவில் அன்று விழுந்ததைப் போலவே இன்றும் பனி விழுந்துகொண்டிருக்கிறது. மழைக்கு இருக்கிற சத்தம் பனிக்கு இல்லை. காலையில் திரைச்சீலையை விலக்கினால் எதிர்வீட்டுக் கூரை, வேலி, கார்கள் எல்லாம் வெள்ளைத் துணி போட்டு மூடிய மாதிரி கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுப்பில் வைத்த பால் பொங்குவதுகூடத் தெரியாது. விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வந்தது பனியைப் பற்றி அல்ல. பில் கட்டுவதைப் பற்றி. இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் அன்வர் ஓசூர்த் தொழிற்பேட்டையில் அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் வேலை பார்த்தவர். இங்கேயும் அதே வேலைதான். புதிதாக ஒரு மெஷின் வந்தால் சாப்பாட்டை மறந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிற மனிதர். தொண்ணூற்றெட்டில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார். கொஞ்ச நாளில், வங்கிக் கணக்கை அதிலேயே பார்க்கலாம், பில்லெல்லாம் அதிலேயே கட்டலாம் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெருநாள் பிறை தெரிந்த மாதிரி இருந்தது.

டெலிபோன் வயரைக் கம்ப்யூட்டரில் செருகினால் முதலில் அது கீச்சென்று கத்தும். பிறகு கரகரக்கும். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிற மாதிரி இருக்கும். அது அடங்கியதும் திரையில் மெதுவாக, மேலிருந்து கீழாக, வங்கியின் படம் இறங்கி வரும். காஸ், கரண்ட், டெலிபோன் என்று வரிசையாக இருக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது. பணம் போய்விடும். எந்த வழியாகப் போனது, யார் கை நீட்டி வாங்கினார்கள், ஒன்றும் தெரியாது. ஒரு ரசீது கிடையாது, ஒரு முத்திரை கிடையாது.

"இனிமே பேங்குக்கு நடக்கவே வேணாம், ஷமீம்" என்றார்.

வங்கிக்கு நடப்பது எனக்குப் பிடிக்கும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

2

ஓசூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு லைன் வீட்டில். அவருக்கு ஷிப்ட். காலையில் போனால் சாயங்காலம், சாயங்காலம் போனால் விடியற்காலை. அதனால் கரண்ட் பில் கட்டுவது என் வேலையாக இருந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆண்கள் ஃபேக்டரியில், பெண்கள் கரண்ட் ஆபீஸ் வரிசையில்.

அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் காதில் மூன்று பாஷை கேட்கிறது. முன்னால் நிற்கிறவள் கன்னடத்தில் மாமியாரைத் திட்டுவாள். பின்னால் நிற்கிறவள் தெலுங்கில் ஆமாம் போடுவாள். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் இரண்டும் புரியாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் கன்னடம் கற்றது அங்கேதான். கிருஷ்ணகிரியில் அத்தாவின் மாங்காய் மண்டிக்கு வருகிறவர்கள் பேசும்போது அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. அதை வாயில் வரவழைத்தது அந்த வரிசைதான்.

அந்தக் காலத்தைத் தங்கமாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. வெயிலில் நிற்க வேண்டும். நம் முறை வரும்போது உள்ளே இருக்கிறவர் சாப்பிட எழுந்து போவார். சில்லறை இல்லையென்றால் அட்டையைத் தூக்கி வெளியே வைப்பார். எத்தனையோ நாள் பொழுது பாதி அங்கேயே கரைந்திருக்கிறது.

என் மகள் நஸ்ரின் வயிற்றில் இருந்தபோது, இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன தைரியத்தில் ஒரு நாள் போய் வரிசையில் நின்றேன். ஜன்னலுக்கு நாலைந்து பேர் இருக்கும்போது இடுப்பில் சுளீரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்றவர் லட்சுமம்மா. பக்கத்துத் தெரு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"ஏம்மா, நொப்பியா? வலிக்குதா?" என்றார்.

"இல்லக்கா, சும்மா பிடிச்சுக்கிச்சு."

"மொகத்தப் பாத்தா சும்மா மாதிரியா இருக்குது? அட்டையக் குடு. காசக் குடு. நீ ஒக்காரு."

உட்கார முடியவில்லை. அதற்குள் வரிசையே கலைந்துவிட்டது. இரண்டு பெண்கள் என்னைத் தாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி உள்ளே போய் ஆபீஸ் ஜீப்பைக் கேட்டாள். டிரைவர், லைன்மேன் வந்தால்தான் எடுப்பேன் என்றார். "லைன்மேன் வந்து பிரசவம் பாப்பாரா?" என்று அவள் கன்னடத்தில் கேட்டதும் டிரைவர் வண்டியை எடுத்தார். அன்று மாலையே நஸ்ரின் பிறந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த லட்சுமம்மா முதலில் குழந்தையைப் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பில் கட்டிய அட்டையையும் மீதிச் சில்லறையையும் என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

3

இங்கே வந்த முதல் சில வருடங்களில் வங்கிக்குப் போவதுதான் எனக்கு வெளியுலகம். கடைத்தெருவின் கடைசியில் சின்னக் கிளை. ஜாய்ஸ் என்று ஒரு பெண்மணி கவுண்டரில் இருந்தார். டிரினிடாடிலிருந்து வந்தவர். நான் காஸ் பில்லையும் டெலிபோன் பில்லையும் நீட்டினால், வாங்கிக்கொண்டே குழந்தை எப்படி, குளிர் எப்படி என்று கேட்பார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை நான் செலவழித்த ஒரே இடம் அது. அன்வர் கம்ப்யூட்டரில் பில் கட்ட ஆரம்பித்ததும் அந்த நடையும் நின்றது. நஸ்ரின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். வீட்டுக்குள் பேச்சே குறைந்துவிட்டது.

போன குளிர்காலத்தில் அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கிருஷ்ணகிரியில் காட்டி, அங்கிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். ரஃபீக் அண்ணன் போன் பண்ணி, "செவ்வாக்கெழம உங்க ஊரு சாயங்காலம் பண்றேன். எங்களுக்கு அது புதன் காலைல. உள்ள போறதுக்கு முன்ன அத்தா ஒங்கிட்ட பேசணுங்கறாரு" என்றார். ஆஸ்பத்திரி எண்ணையும் கொடுத்தார்.

அன்வர் அப்போது ஊரில் இல்லை. வேறொரு நகரத்தில் மெஷின் பொருத்துகிற வேலைக்குக் கம்பெனி அனுப்பியிருந்தது. செவ்வாய்க்கிழமை பனி அதிகம் என்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. நஸ்ரின் கம்ப்யூட்டரைப் போட்டாள். வழக்கமான கீச்சுச் சத்தம் வரவில்லை.

"அம்மா, லைன் டெட்" என்றாள்.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றுமே இல்லை. வெளியே விழுகிற பனியை எடுத்துக் காதில் அடைத்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுப் போனிலிருந்து டெலிபோன் கம்பெனியைக் கூப்பிட்டு நஸ்ரின்தான் விசாரித்தாள். பல மாதமாகப் பணம் வரவில்லை, அதனால் இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்றார்கள். அவர்கள் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள் மேசை மேலேயே பிரிக்காமல் கிடந்தன. எல்லாம்தான் கம்ப்யூட்டரில் கட்டியாகிவிட்டதே என்று அன்வர் கடிதங்களைப் பிரிப்பதையே விட்டிருந்தார். போன் வர வேண்டுமென்றால் பில் கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் பில் கட்ட வேண்டுமென்றால் போன் வேண்டும். நஸ்ரின் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "நடங்க, பேங்குக்குப் போலாம்" என்றாள். வெகுநாளுக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முழுத் தமிழ் வாக்கியம் அது.

4

முழங்கால் அளவு பனியில் மிதித்துக்கொண்டு போனோம். தெருவில் ஒரு ஆள் இல்லை. வழி தெரிந்த தெருவே எங்கோ கனவில் பார்த்த ஊர் மாதிரி இருந்தது. எங்கள் மூச்சு புகையாக முன்னால் போனது, நாங்கள் அதன் பின்னால் போனோம்.

ஜாய்ஸ் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கணக்கைப் பார்த்தார். பணம் மாதாமாதம் ஒழுங்காகப் போயிருக்கிறது, எங்கே போயிருக்கிறது என்பது இன்டர்நெட் பிரிவுக்குத்தான் தெரியும் என்றார். அவரே அந்தப் பிரிவைக் கூப்பிட்டு, ரிசீவரைக் கவுண்டர் வழியாக என்னிடம் நீட்டினார். கணக்கில் என் பேரும் இருப்பதால் நானேதான் பேச வேண்டுமாம்.

மறுமுனையில் ஒரு இளைஞன் குரல். நான் நான்தானா என்று சரிபார்க்க ஒரு கேள்வி கேட்டான். என் அம்மாவின் 'மெய்டன்' பெயர் என்ன என்று. எனக்குக் காதில் 'மெய்ட்' என்றுதான் விழுந்தது. எங்கள் அம்மா வீட்டில் எப்போதும் வேலைக்காரி வைத்துக்கொண்டதில்லை என்று பணிவாகச் சொன்னேன். நஸ்ரின் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவளுக்குப் பாட்டி நன்னி, தாத்தா நன்னா. பிறகு என் காதருகே வந்து, "நன்னிக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பேரு, அதான் கேக்கறாங்க" என்றாள்.

"கைருன்னிசா" என்றேன்.

"அது அவருடைய பெயர். கல்யாணத்துக்கு முன்பு?"

"கைருன்னிசா."

"கல்யாணத்துக்குப் பிறகு?"

"கைருன்னிசாதான். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் வீடுதான் மாறும். பேர் மாறாது."

இங்கிலீஷில் இவ்வளவு நீளமாக நான் பேசியதை நஸ்ரின் அன்றுதான் கேட்டாள். கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டாள். ஆனால் அந்தப் பையன் விடவில்லை. கம்ப்யூட்டரில் வேறு ஒரு பேர் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும் என்றான். அவன்மேல் தப்பில்லை. யாரோ ஒரு பெண் போன் பண்ணி என் பேரைச் சொன்னால் அவன் நம்பிவிடக் கூடாதே.

அன்வர் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்தேன். இந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து குடும்பப் பேர் என்று ஒரு கட்டம் வந்தாலே அவருக்கு எரிச்சல். ஏதாவது ஒன்றை எழுதித்தானே ஆக வேண்டும் என்று ஊர்ப் பேரை எழுதிவிடுவார். என் அம்மா பிறந்த ஊரில் மூன்று மாநிலத்து பஸ்ஸும் நிற்கும். பஸ்ஸிலிருந்து இறங்கினால் மாந்தோப்பு வாசனை வரும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஊர்ப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

"வேப்பனப்பள்ளி" என்றேன்.

எழுத்து எழுத்தாகச் சொல்ல முடியுமா என்றான். நஸ்ரின் ரிசீவரை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவள் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு எழுத்தும் பிசகவில்லை.

நன்றி என்றான் அவன். பிறகு எல்லாம் எளிதாக இருந்தது. டெலிபோன் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. முதல் மாதம் அன்வர் தவறாக அடித்த எண்ணையே கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொண்டு, மாதாமாதம் எங்கள் பணத்தை யாரோ ஒருவருடைய டெலிபோன் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தது. பணத்தைத் திரும்ப வாங்கித் தருகிறோம் என்றான். ஜாய்ஸ் அங்கேயே சரியான எண்ணுக்குப் பணம் கட்டி, ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த முத்திரையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் இணைப்பு வர இன்னும் இரண்டு வேலை நாள் ஆகும் என்று டெலிபோன் கம்பெனி சொல்லிவிட்டது.

5

சாயங்காலம் சிவம் கடைக்குப் போனோம். சிவம் யாழ்ப்பாணத்துக்காரர். மளிகைக் கடையும் வைத்து டெலிபோன் கார்டும் விற்பார். நான் கார்டு கேட்டுவிட்டு வெளியே இருக்கிற போன் பூத்தைப் பார்த்தேன்.

"உந்தக் குளிருக்குள்ள நிண்டு கதைக்கப் போறியளோ? உள்ளுக்கு வாங்கோ அக்கா. கடை போனில கார்ட் நம்பரை அடிச்சுப்போட்டுக் கதையுங்கோ" என்றார். அரிசி மூட்டை மேல் ஒரு அட்டையைப் போட்டு உட்காரச் சொன்னார்.

முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். கன்னடம். இங்கிலீஷில் பேசினேன், பிறகு கூப்பிடுங்கள் என்று வைத்துவிடப் போனாள். என்னை அறியாமல் வாயில் கன்னடம் வந்தது. அத்தா பேரையும் வார்டையும் சொல்லி, "ஸ்வல்ப கரீரி அம்மா, கொஞ்சம் கூப்பிடுங்கள், கனடாவிலிருந்து மகள் பேசுகிறேன்" என்றேன். அவள் குரலே மாறிவிட்டது. யாரையோ ஓடச் சொன்னாள்.

முதலில் வந்தது ரஃபீக் அண்ணன்.

"எங்கம்மா போனீங்க எல்லாரும்? நேத்துலருந்து அடிக்கறேன். பெல்லே போவுல. அத்தா ட்ராலில ஏற மாட்டேங்கறாரு."

"ஏன்ணே?"

"எம்மகளுக்கு என்னமோ ஆயிப்போச்சு, எல்லாரும் சேந்து மறைக்கறீங்கன்னு ஒக்காந்துட்டாரு. டாக்டரு ரெண்டு தடவ வந்துட்டாரு. இன்னிக்கு விட்டா அடுத்த வாரந்தானாம். அது வரைக்கும் தாங்குமான்னு அவங்களுக்கே தெரியல. இரு, குடுக்கறேன்."

நான் அத்தாவின் உயிரை நினைத்துப் பனியில் அலைந்துகொண்டிருந்தேன். அவர் என் உயிரை நினைத்துக் கட்டிலைவிட்டு இறங்க மறுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு இலக்கம்.

"ஷமீமா?" என்றார் அத்தா. மண்டியில் ஏலம் கூவிய குரல் அது. காற்று போன மாதிரி இருந்தது.

"நாந்தான் அத்தா."

"நெசமா நீதானா? வேற யாரையாச்சும் பேச வெக்கறாங்களா?"

"நாந்தான் அத்தா. நல்லா இருக்கேன். பில்லு கட்டுனதுல ஒரு தப்பு, போன நிறுத்திட்டாங்க. அவ்ளோதான்."

"மாப்ள?"

"வேலைக்கு வெளியூரு போயிருக்காரு."

"புள்ள?"

பதில் சொல்வதற்குள் நஸ்ரின் ரிசீவருக்குக் கை நீட்டினாள். ஊரிலிருந்து போன் வந்தால் அறைக்குள் ஓடிப்போகிற பெண். வற்புறுத்தினால் 'ஹாய்' என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பெண்.

"நன்னா, நான் நஸ்ரின்." வார்த்தையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "நீங்க போங்க. பயப்பட வேண்டாம். அது தூங்கற மாதிரிதான். நீங்க எழுந்ததும் நான் திரும்ப... திரும்பக் கூப்பிடறேன்."

அத்தா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் "ம்" என்றாள். மறுபடி "ம்" என்றாள். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, "போயிட்டாரு" என்றாள். நான் அரிசி மூட்டையிலிருந்து எழுந்துவிட்டேன். "ட்ராலில" என்றாள்.

தன் கடை எண்ணை அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லி, சிவமே மறுபடி ஆஸ்பத்திரி எண்ணை அடித்துக் கொடுத்தார். மறுநாள் காலை கடை திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். மசாலா வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்த அந்தச் சின்னக் கடையில், கண்ணாடிக்கு வெளியே பனி இறங்க இறங்க, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நஸ்ரின் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். போன் அடித்தபோது அண்ணன் அழுதுகொண்டே பேசினார். சந்தோஷ அழுகைதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

6

அன்வர் ஊர் திரும்பியதும் நான் கேட்டது ஒன்றுதான். எனக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள் என்றேன். இப்போது எங்கள் வீட்டில் பில் கட்டுவது நான். கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படிப்பேன். வந்த கடிதம் எல்லாவற்றையும் பிரிப்பேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டே கரண்ட் பில்லைக் கட்டினேன். வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் நின்ற எனக்கு அதன் அருமை தெரியும். வீட்டுக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பது கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் எனக்குத் தெரியும். எனக்கென்று ஒரு ரகசியச் சொல் இருக்கிறது. அது அன்வருக்குக்கூடத் தெரியாது. ஆனாலும் மாதத்தில் ஒரு நாள், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும், ஜாய்ஸைப் பார்க்க நடந்து போகிறேன்.

ஆபரேஷன் முடிந்து அத்தா கிருஷ்ணகிரி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினோம். நஸ்ரின்தான் எண்ணை அடித்தாள். அத்தா அவளிடமே கேட்டார், அன்றைக்கு அந்தப் போனுக்கு என்னதான் ஆச்சு என்று. நான் இன்னொரு போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காசு ராங் வீட்டுக்குப் போயிடுச்சு, நன்னா."

"யாரு வூட்டுக்கு?"

"தெரியாது. யாரோ. நாங்க அவங்க பில்லைக் கட்டிட்டோம்."

அத்தா சிரிக்க ஆரம்பித்து, தையல் வலித்து நிறுத்திக்கொண்டார். மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, அத்தன மாசமும் அவங்க வூட்ல போன் பேசுச்சா?"

"பேசுச்சு."

"அப்பச் சரி" என்றார் அத்தா.